கண்ணாடிப் பெட்டிக்குள் மௌனம் ஏன்?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

பழத்தைப் பார்த்தால் பசி தீருமா? மலரின் படத்தை முகர்ந்தால் மணம் வருமா? வராது என்று சிறு குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் ஓர் இசைக்கருவியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அதன் பெயரைக் கீழே எழுதி வைத்திருந்தால், அதை ஒரு கணம் பார்த்துவிட்டு "சரி, அடுத்த அறைக்குப் போகலாம்" என்று நகர்ந்து விடுகிறோம். அது எப்படிப் பாடும் என்று நாம் கேட்பதும் இல்லை. கேட்கவில்லையே என்று வருந்துவதும் இல்லை. இசைக்கருவி காதுக்காகப் பிறந்த பொருள். அதைக் கண்ணால் மட்டும் கண்டு திரும்புவது முறையா? இக்கேள்வியைப் பற்றி என் சிற்றறிவுக்கு எட்டியதை இங்கு எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு கல்விச் சுற்றுலாவின்போது ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்குச் சென்றிருந்தோம். அங்கே இசைக்கருவிகளுக்கென்று தனிக்கூடம் ஒன்று இருந்தது. மத்தளங்கள், கொம்புகள், பலவகை யாழிசைக் கருவிகளின் உறவினரைப் போன்ற நரம்புக் கருவிகள், பெயரே கேட்டிராத வெளிநாட்டுக் கருவிகள் என வரிசையாக இருந்தன. நாங்கள் அந்தக் கூடத்தில் செலவழித்த நேரம் ஐந்து நிமிடம் கூட இராது. "சீக்கிரம் வாருங்கள், ஐஸ்கிரீம் கடை மூடிவிடும்" என்று யாரோ சொன்னதும் ஓடிவிட்டோம். அந்தத் தோழி யார் என்று சொல்ல மாட்டேன். ஓடியவர்களில் நானே முதல் ஆள் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஊர் திரும்பியதும் சுற்றுலாக் கட்டுரையில் "இசைக்கருவிகள் கண்ணுக்கு விருந்தாக அமைந்தன" என்று எழுதினேன். காதுக்கு என்ன கிடைத்தது என்று அன்று என்னை எவரும் கேட்கவில்லை.

கேட்டது என் வீட்டிலிருந்த ஒரு பிடில்.

என் தாத்தா எங்கள் பங்குக் கோயில் பாடற்குழுவில் பல ஆண்டுகள் பிடில் வாசித்தவர். நான் பிறப்பதற்கு முன்பே அவர் இறைவனடி சேர்ந்துவிட்டார். அவருடைய பிடில் எங்கள் வீட்டு முன்னறைக் கண்ணாடி அலமாரியில், மாதா சுரூபத்துக்குக் கீழ்த்தட்டில் இருக்கிறது. ஞாயிறுதோறும் ஆச்சி அலமாரியின் வெளிப்புறக் கண்ணாடியைத் துடைப்பார்கள். கதவைத் திறக்க மாட்டார்கள். எட்டாம் வகுப்பில் இருந்தபோது, "ஆச்சி, நான் பிடில் கத்துக்கிடட்டுமா?" என்று கேட்டேன். "ஏட்டி, அது உங்க தாத்தா கைபட்ட பிடிலு. வேற கை படக்கூடாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அவர்கள் கண் கலங்கியதைக் கண்டு நானும் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் வீட்டிலும் ஓர் அருங்காட்சியகம் இருந்தது. அதிலும் "தொடாதே" என்ற பலகை இருந்தது. அது எழுத்தில் இல்லை, அவ்வளவே.

இந்நிலையில் சென்ற கோடை விடுமுறைக்கு என் அத்தை வந்தார்கள். அவர்கள் அருட்சகோதரி. மேற்படிப்புக்காகச் சில ஆண்டுகள் பெல்ஜியம் நாட்டில் இருந்தவர்கள். சுற்றுலாவில் நான் ஓடிய கதையைச் சிரித்தபடி கேட்டுவிட்டு, பிரஸ்ஸல்ஸ் நகரில் தாம் பார்த்த, இல்லை, தாம் 'கேட்ட' அருங்காட்சியகத்தைப் பற்றிச் சொன்னார்கள்.

அந்த இசைக்கருவி அருங்காட்சியகம் 1877-இல் அந்நகரின் இசைக் கல்லூரியோடு சேர்த்துத் தொடங்கப்பட்டது. பழைய கருவிகளைக் காட்டி மாணவர்களுக்குப் பாடம் சொல்லித் தரவேண்டும் என்பதே அப்போதைய நோக்கம். 2000-ஆம் ஆண்டிலிருந்து அது இரும்பும் கண்ணாடியும் கொண்டு கட்டப்பட்ட ஒரு பழைய பெருங்கடைக் கட்டடத்தில் இயங்கி வருகிறது. ஏறத்தாழ 8,000 கருவிகள் அதன் உடைமையாக உள்ளன. சாக்ஸபோன் என்னும் கருவியை உருவாக்கிய அடால்ப் சாக்ஸ் பிறந்த நாடும் பெல்ஜியமே. நுழைவாயிலில் காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிக்கருவி ஒன்றைக் கொடுத்தார்களாம். ஒரு வாத்தியத்தின் முன்னே போய் நின்றால் அந்த வாத்தியத்தின் இசை காதில் ஒலிக்கும். ஒருவர் அடுத்தவரோடு பேசுவதில்லை. கூடமே அமைதியாக இருக்கும். ஆனால் ஒவ்வொருவர் காதிலும் ஒவ்வொரு நாடு பாடிக்கொண்டிருக்கும்.

"நம்ம நாட்டுக் கருவிகளும் அங்க இருக்கு. அந்த ஒலியைக் கேட்டதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்து, அங்கேயே கொஞ்ச நேரம் நின்னுட்டேன்" என்றார்கள் அத்தை.

நம் நாட்டுக் கருவிகள் அங்கே போன வரலாறு எனக்கு வியப்பாக இருந்தது. கல்கத்தாவைச் சேர்ந்த ராஜா சௌரீந்திர மோகன் தாகூர் என்னும் இசை அறிஞர் (1840-1914) ஏறக்குறைய நூறு இந்தியக் கருவிகளை 1876-இல் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டுக்கு அன்பளிப்பாக அனுப்பினார். அந்த அன்பளிப்பும், அரசாங்கம் முன்னரே விலைக்கு வாங்கியிருந்த ஒரு தொகுப்பும் சேர்ந்துதான் அந்த அருங்காட்சியகத்தின் அடித்தளம் ஆயின. அதன் முதல் காப்பாளரான மஹிய்யோன் என்பவர், குவிந்து கிடந்த கருவிகளை எப்படி வரிசைப்படுத்துவது என்று எண்ணி, அவற்றை நான்கு வகையாகப் பிரித்தார்: நரம்பு அதிர்ந்து ஒலிப்பவை, காற்றால் ஒலிப்பவை, தோலால் ஒலிப்பவை, தம் உடலே அதிர்ந்து ஒலிப்பவை. நம் தமிழாசிரியை சொல்லித் தந்த நரம்புக்கருவி, துளைக்கருவி, தோற்கருவி, கஞ்சக்கருவி என்னும் பிரிவுகள் இவையே அல்லவா! பரத முனிவரின் நாட்டிய சாத்திரத்திலும் இதே நால்வகைப் பிரிவு உண்டு. மஹிய்யோன் வகுத்ததை விரிவாக்கி 1914-இல் ஹார்ன்போஸ்டெல், சாக்ஸ் என்னும் இரு அறிஞர்கள் அமைத்த முறையைத்தான் இன்றும் உலக அருங்காட்சியகங்கள் பெரிதும் பின்பற்றுகின்றன. இதை அறிந்த பிறகு, அந்தக் கூடத்தில் ஐந்து நிமிடத்தில் ஓடிய என்னை நினைத்து நானே வெட்கினேன்.

அருங்காட்சியகங்களே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அவை எவ்வளவு தேவை என்பதற்கு நம் யாழே சாட்சி. சிலப்பதிகாரம் யாழைப் பற்றி எவ்வளவோ சொல்கிறது. பழஞ்சிற்பங்களிலும் அதன் வடிவம் உள்ளது. ஆனால் பழந்தமிழர் மீட்டிய யாழ் ஒன்று கூட இன்று உலகில் எங்கும் இல்லை. மட்டக்களப்பில் புனித மைக்கேல் கல்லூரியில் பயின்ற சுவாமி விபுலானந்தர் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1947-இல் 'யாழ் நூல்' வெளியிட்டார். பாடல்களின் சொற்களைக் கொண்டும் கணக்குகளைக் கொண்டும் அவர் அதன் நரம்புகளைத் தேட வேண்டியிருந்தது. ஒரே ஒரு பழைய யாழையாவது எவரேனும் ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தால் அந்தப் பெரியவரின் உழைப்பில் பாதி மிஞ்சியிருக்கும் அன்றோ?

அப்படிப் பூட்டி வைத்தவர்களுள் ஒரு பெண்மணியின் பெயரை நாம் அறிந்திருக்க வேண்டும். நியூயார்க் நகரைச் சேர்ந்த மேரி எலிசபெத் ஆடம்ஸ் பிரவுன் என்பவர் 1889-இல் ஏறத்தாழ 270 இசைக்கருவிகளை அந்நகரின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். அதோடு நிற்கவில்லை. தூர தேசங்களில் பணிபுரிந்த மறைப்பணியாளர்களுக்கும் அரசுத் தூதர்களுக்கும் கடிதம் மேல் கடிதம் எழுதினார். வீட்டில் இருந்தபடியே உலகத்துக் கருவிகளையெல்லாம் வரவழைத்தார். அவர் சேர்த்துக் கொடுத்தவை காலப்போக்கில் 3,600-ஐத் தாண்டின. அத்தொகுப்புக்குத் தம் பெயரை வைக்காமல் தம் கணவர் பெயரையே வைத்தார். அஞ்சல் தலையையும் பொறுமையையும் கொண்டு ஒரு பெண் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறு வேண்டுமா?

ஆகவே சேர்ப்பதும் காப்பதும் நல்லவையே. பிறகு ஏன் அந்தக் கருவிகளை வாசிக்க விடுவதில்லை? காப்பவர்கள் கல்நெஞ்சர்களா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அத்தையோடு விவாதித்த பிறகே அவர்கள் பக்கத்து நியாயம் புரிந்தது.

எகிப்து நாட்டு இளம் மன்னன் துட்டன்காமனின் கல்லறை 1922-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதனுள் வெள்ளியால் ஆன எக்காளம் ஒன்றும் செம்புக் கலவையால் ஆன எக்காளம் ஒன்றும் கிடைத்தன. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாய்திறவாமல் கிடந்தவை அவை. 1939-இல் கெய்ரோ அருங்காட்சியகத்தில் அவற்றை ஊதச் செய்து பி.பி.சி. வானொலி உலகெங்கும் ஒலிபரப்பியது. மெய்சிலிர்க்கும் செய்திதான். ஆனால் அந்நாட்களில் நடந்த ஊதிப்பார்க்கும் முயற்சியில் வெள்ளி எக்காளம் உடைந்து போய், பின்னர் அதை ஒட்டிச் சரிசெய்ய நேர்ந்தது. சில நிமிட இசைக்காக மூவாயிரம் ஆண்டுப் பொருளை இழக்கலாமா?

இன்னொன்று பியானோவின் கதை. பியானோவைக் கண்டுபிடித்த இத்தாலியர் பர்த்தொலொமேயோ கிறிஸ்தோபோரி செய்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை மூன்றே மூன்று. 1720-இல் செய்தது நியூயார்க்கில் இருக்கிறது. 1722-இல் செய்தது ரோமில். 1726-இல் செய்தது ஜெர்மனியின் லைப்சிக் நகரில். இவற்றுள் நியூயார்க் பியானோ இன்றும் ஒலிக்கும். எப்படி? பல காலங்களில் பலர் அதைப் பழுதுபார்த்தார்கள். ஒலியைப் பெருக்கும் உட்பலகையையே 1938-இல் மாற்றிவிட்டார்கள். இப்போது கேட்பது கிறிஸ்தோபோரி கேட்ட ஒலிதான் என்று எப்படிச் சொல்வது? மற்ற இரண்டும் ஒலிப்பதில்லை. ஆனால் அவை முதலில் எப்படி இருந்தன என்பதை மாறாமல் சொல்கின்றன. பாட வைத்தால் உண்மை கொஞ்சம் போகிறது. உண்மையைக் காத்தால் பாட்டு போகிறது. இதுவே காப்பவர்களின் தர்மசங்கடம். தவிர, ஊதுபவரின் மூச்சின் ஈரத்தால் பழைய மரக்குழல் வெடிக்கும். கை வியர்வையால் உலோகம் கறுக்கும். முறுக்கிய நரம்பு இழுக்கும் இழுப்பில் பழைய மரம் வளையும்.

இனி இரண்டு வயலின்களைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டையும் செய்தவர்கள் இத்தாலியின் கிரெமோனா நகரத்துக்காரர்கள். முதலாவது, 1716-இல் ஸ்ட்ராடிவாரி செய்த 'மெசையா' என்னும் வயலின். இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹில் குடும்பத்தார் அதை 1939-இல் வழங்கியபோது, அதை வாசிக்கவே கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள். முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நேற்றுச் செய்ததைப் போலப் பளபளக்கிறதாம். வயலின் செய்வோர் அதைப் பார்த்தே அளவும் நிறமும் கற்கிறார்கள்.

இரண்டாவது, 1743-இல் குவார்னேரி செய்த வயலின். இவர் தம் கருவிகளில் ஒட்டிய சீட்டில் இயேசுவின் திருப்பெயர்க் குறியைப் பொறித்ததால் 'இயேசுவின் குவார்னேரி' என்றே பெயர் பெற்றார். இது பெரும்புகழ் பெற்ற பகனீனியின் வயலின். 1840-இல் இறந்த அவர், தம் சொந்த ஊரான ஜெனோவா நகருக்கு இதை விட்டுச் சென்றார். அந்நகரத்தார் இதையும் கண்ணாடிக்குள்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் வேளை பார்த்து, வல்லுநர்கள் அருகில் நிற்க, தேர்ந்தெடுத்த கலைஞர்களின் கையில் கொடுக்கிறார்கள். பகனீனி பெயரால் நடக்கும் போட்டியில் வெற்றி பெறுபவருக்கு இதை வாசிக்கும் பேறு கிடைக்கிறது.

இந்த இரண்டில் எது சரி என்று கேட்டால், இரண்டும் சரியே என்பது என் பணிவான கருத்து. ஒன்று எவர் கையும் படாமல் சாட்சியாக நிற்கட்டும். ஆனால் எல்லாமே மெசையாவாக நின்றுவிட்டால் உலகில் யார் பாடுவது? மௌனம் ஒரு கருவிக்குத் தேவையானால் அதற்குத் தக்க காரணம் இருக்க வேண்டும். சோம்பலாலும் அசட்டையாலும் வந்த மௌனத்துக்குப் 'பாதுகாப்பு' என்று பெயர் சூட்டக்கூடாது.

உண்மையான கருவியைத் தொடாமலே அதன் ஒலியைக் கேட்கச் செய்யவும் வழிகள் உண்டு. சீனாவில் 1978-இல் ஒரு சிற்றரசரின் கல்லறையிலிருந்து 65 வெண்கல மணிகள் எடுக்கப்பட்டன. கிறிஸ்து பிறப்பதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே புதைக்கப்பட்டவை. ஒவ்வொரு மணியும் அடிக்கும் இடத்துக்கேற்ப இருவேறு சுரங்கள் தருவது அவற்றின் அதிசயம். வூஹான் நகரத்து அருங்காட்சியகத்தார் அசல் மணிகளைப் பத்திரமாக வைத்துவிட்டு, அச்சாக அவற்றைப் போலவே வார்த்த மணிகளைக் கொண்டு பார்வையாளர்களுக்குக் கச்சேரி நடத்துகிறார்கள். அசலும் பிழைத்தது, ஒலியும் பிழைத்தது.

கிரெமோனா நகரத்தார் செய்ததோ எல்லாவற்றிலும் அழகு. தங்கள் அருங்காட்சியகத்துப் பழைய வயலின் வகைக் கருவிகளின் ஒலி எதிர்காலத்துக்கும் வேண்டும் என்று, 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐந்து வாரங்கள் ஒவ்வொரு சுரமாகப் பதிவு செய்தார்கள். பதிவுக் கருவிகளோ ஊசி விழும் ஓசையையும் பிடித்துக்கொள்பவை. எனவே சுற்றுத் தெருக்களில் வண்டிகளை நிறுத்தினார்கள். அரங்கின் மின்விளக்குகள் மெல்ல ரீங்காரம் செய்கின்றன என்று அவற்றையும் கழற்றி வைத்தார்கள். ஓசை எழுப்பாதீர்கள் என்று நகரத் தலைவர் மக்களை வேண்டிக்கொண்டார். சில மரக்கருவிகள் பாடுவதற்காக ஓர் ஊர் வாயை மூடிக்கொண்டது! காலைக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் அமைதியாக நிற்கத் தவிக்கும் நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் 2010-இல் திறக்கப்பட்ட இசைக்கருவி அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய 200 நாடுகளின் கருவிகள் உள்ளன. அங்கே ஓர் அறையில் மட்டும் "தொடாதே" என்ற சொல்லே கிடையாது. குழந்தைகள் உள்ளே சென்று பெரிய மணித்தட்டை அடிக்கலாம்; நரம்புகளை மீட்டலாம். நம் அண்டையிலும் 2019-இல் பெங்களூரில் திறக்கப்பட்ட இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ் என்னும் அருங்காட்சியகத்தில், வெளியே தோட்டத்தில் தட்டியும் தடவியும் இசை எழுப்பிப் பார்க்கும் அமைப்புகள் உள்ளன.

பீனிக்ஸில் உள்ளவற்றுள் என் மனத்தைத் தொட்டவை தங்கம் பதித்த கருவிகள் அல்ல. பராகுவே நாட்டின் தலைநகருக்கு அருகே கத்தேயுரா என்னும் இடத்தில் பெரிய குப்பைமேடு இருக்கிறது. அதை அண்டி வாழும் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஃபாவியோ சாவேஸ் என்பவர் இசை கற்றுக்கொடுக்க முன்வந்தார். கருவிகள் போதவில்லை. குப்பை பொறுக்கிப் பிழைத்த நிக்கோலாஸ் கோமெஸ் என்பவர் எண்ணெய்த் தகரங்களையும் கழித்துப் போட்ட மரத்துண்டுகளையும் கொண்டே வயலின்களும் பெரிய செல்லோக்களும் செய்து கொடுத்தார். அந்தப் பிள்ளைகளின் வாத்தியக் குழு பல நாடுகளுக்குச் சென்று வாசித்தது. அவர்களுடைய கருவிகள் சில இப்போது அந்த அருங்காட்சியகத்தில் மன்னர்களின் கருவிகளுக்குச் சமமாக இடம் பெற்றுள்ளன. கட்டுகிறவர்கள் விலக்கிய கல்லே மூலைக்கல் ஆயிற்று என்று நாம் மறைக்கல்வியில் படிப்பது இதைத்தானோ என்று எண்ணினேன்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபின் எனக்குத் தோன்றும் மூன்று வேண்டுகோள்களைப் பெரியவர்கள் முன்னும் தோழியர் முன்னும் வைக்கிறேன்.

முதலாவது, அருங்காட்சியகங்களை நடத்தும் பெரியோர்களுக்கு. ஒவ்வொரு கருவியின் அருகிலும் பெயரும் ஊரும் எழுதினால் போதாது. அதன் ஒலியைக் கேட்கச் சிறு வசதி செய்து தாருங்கள். அதை யார் செய்தார், யார் வாசித்தார், பிள்ளைத் தாலாட்டிலா சாவு வீட்டிலா எங்கே வாசித்தார் என்பதையும் இரண்டு வரி எழுதுங்கள். பழைய கருவியைத் தொடக்கூடாது என்றால் அதைப் போல ஒன்று செய்து பக்கத்தில் வையுங்கள்.

இரண்டாவது, நம் பள்ளிக்கு. கல்விச் சுற்றுலாவில் இத்தகைய கூடங்களுக்கு அரை மணி நேரமாவது ஒதுக்கலாம். புறப்படும் முன்பே இசை வகுப்பில் நான்கைந்து கருவிகளின் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டுச் சென்றால், அங்கே போய் "இதுதானா அது!" என்று அடையாளம் கண்டு மகிழலாம். முன்பின் தெரியாதவரின் புகைப்படத்தை எவரும் நின்று பார்ப்பதில்லை. தெரிந்தவரின் படமானால் நின்று பார்ப்போம்.

மூன்றாவது, மாணவியராகிய நமக்கு. நூறு கருவிகளையும் பார்த்தே தீரவேண்டும் என்ற வேகம் வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் முன்னே நில்லுங்கள். எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். தேய்ந்த இடத்தில்தான் ஒரு மனிதரின் விரல் இருந்தது. அவர் பெயர் நமக்குத் தெரியாமல் போகலாம். அவர் பாடுபட்டுப் பழகினார் என்பது அந்தத் தேய்வில் தெரியும்.

கடைசியாக எங்கள் வீட்டுப் பிடில். அத்தை ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் இரவு, பகனீனியின் வயலின் கதையை ஆச்சிக்குச் சொன்னார்கள். ஆச்சி ஒன்றும் பேசவில்லை. செபமாலை சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் அலமாரிச் சாவியை மேசைமேல் வைத்து, "எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணிட்டு வாங்க. உடைச்சிராதீங்க" என்றார்கள்.

மதுரையில் வாத்தியங்களைப் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் அப்பா என்னை அழைத்துச் சென்றார். அவர் பிடிலைக் கையில் வாங்கி மெல்லச் சாய்த்தார். உள்ளே ஏதோ உருண்டது. "உள்ளே நிக்கிற குச்சி விழுந்து கிடக்கு. வாசிக்காம, நரம்பு தளர்ந்து போனா இப்படித்தான்" என்றார். வயலினின் வயிற்றுக்குள்ளே மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் ஒரு சிறு மரக்குச்சி நிற்கிறது. பசை போட்டு ஒட்டியது அல்ல. நரம்புகளின் அழுத்தத்தால்தான் நிற்கிறது. நரம்பின் அதிர்வை அடிப்பலகைக்குக் கொண்டுசெல்வது அதுவே. இத்தாலியர் அந்தக் குச்சியை 'அனிமா' என்கிறார்கள். ஆன்மா என்று பொருள். அத்தைக்குக் கடிதத்தில் இதை எழுதியபோது என் கை சற்று நடுங்கியது. நாங்கள் இத்தனை ஆண்டுகள் பிடிலைக் காத்ததாக நினைத்திருந்தோம். அதன் ஆன்மா விழுந்து கிடந்ததை அறியாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது பிடில் வீட்டுக்கு வந்துவிட்டது. அரசுத் தேர்வு முடியும்வரை ஞாயிறு மாலை அரைமணி நேரம் மட்டுமே என்பது அம்மாவின் கட்டளை. நான் வில்லை இழுத்தால் வாலை மிதிபட்ட பூனை கத்துவதைப் போல இருக்கிறது என்று தம்பி சொல்கிறான். அவன் சொல்வது பொய்யில்லை. முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு அடுக்களையிலிருந்து வந்த ஆச்சி, என் முழங்கையைப் பிடித்துச் சற்று உயர்த்தி, "உங்க தாத்தா கையை இப்படி வச்சிருப்பாக" என்று காட்டிவிட்டுப் போனார்கள். தாத்தாவின் கை எப்படி இருந்தது என்பது இத்தனை நாள் அந்த அலமாரிக்குள் இல்லை. ஆச்சியின் நினைவில் இருந்தது. பிடிலை வெளியே எடுத்திராவிட்டால் அது எனக்குக் கிடைத்தே இராது.

அன்புத் தோழியரே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஓர் ஆர்மோனியமோ, ஒரு புல்லாங்குழலோ, ஓர் உறுமியோ தூசி படிந்து கிடக்கலாம். அதை வாசித்தவரோ, வாசிக்கக் கேட்டவரோ இன்னும் உங்களோடு இருக்கலாம். இந்த விடுமுறையில் அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி வையுங்கள். கருவி தாங்குமானால் வாசித்தும் பாருங்கள். அடுத்த முறை அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டி முன் நிற்கும்போது, "இது எப்படிப் பாடும்?" என்று ஒருமுறையாவது கேளுங்கள். நாம் கேட்கத் தொடங்கினால்தான் அவை பேசத் தொடங்கும்.